உப்பு உறங்குவதில்லை

மரைன் ஹில்லிலிருந்து பார்க்கக் கடல் அழகுதான். சார்லஸ் கொரியா வடிவமைத்த ஹோட்டல் இந்தச் சரிவில் அமைந்ததே அந்தக் காட்சிக்காக. ஆனால் கீழே, 2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாறிய போர்ட் பிளேரின் துறைமுகத்தில், படகிலேயே சமைத்துச் சாப்பிட்டுத் தூங்குபவர்களுக்கு இதே கடல்காற்று எமன். ஜிபிஎஸ், ரேடியோ, எக்கோ சவுண்டர், சார்ஜர் என்று அது எதையும் விடுவதில்லை.

காரணம் எளிது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினாலே சமையல் உப்பு நீர்விடத் தொடங்கும். கடலுப்பில் கலந்துள்ள மக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அந்தமான் காற்று அந்த அளவுக்குக் காய்வதே இல்லை. எனவே ஒருமுறை படிந்த உப்பு ஈரமாகவே இருக்கிறது. அதன்மேல் 12 வோல்ட் பேட்டரியின் மின்சாரமும் சேர்ந்தால், முலாம் பூசும் பட்டறையில் நடப்பதுதான் சர்க்யூட் போர்டிலும் நடக்கிறது: செம்பு கரைகிறது, பச்சைப் பொடி பூக்கிறது.

நனைந்த கருவியை வெயிலில் காயவைப்பதும் அரிசிக்குள் புதைப்பதும் இதனால்தான் வீண். நீர் போகும், உப்பு போகாது. முதலில் பேட்டரியைக் கழற்ற வேண்டும். பிறகு (நம்பக் கஷ்டம்தான்) போர்டை நல்ல தண்ணீரில், முடிந்தால் டிஸ்டில்டு வாட்டரில், கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். ஐபி67 முத்திரையை நம்பி ஏமாறவும் கூடாது. ஒரு மீட்டர் ஆழ நல்ல தண்ணீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதே அதன் பொருள். உப்பைப் பற்றி அது பேசுவதில்லை.

பெரும்பாலும் கெடுவது கருவியல்ல, இணைப்பு. சாதாரண செப்பு ஒயரின் இழைகளுக்கிடையே உப்புநீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் ஏறிவிடும். பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதுபோல் ஈயம் பூசிய ஒயர், உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாய், பிளக்கில் கொஞ்சம் சிலிகான் கிரீஸ், இவை பாதித் தொல்லையைத் தீர்க்கும். போர்டுக்கு வார்னிஷ் போன்ற காப்புப் பூச்சும் உண்டு. அரிமானத்தை ஆராயவென்றே மண்டபத்தில் சோதனை மையம் வைத்திருக்கிறது 1953இல் திறக்கப்பட்ட காரைக்குடி 'சிக்ரி'.

இது வெறும் ரிப்பேர் செலவு விவகாரமல்ல. 2017இல் ஒக்கி புயல் எச்சரிக்கை ஆழ்கடலிலிருந்த படகுகளை எட்டாததால் குமரி மீனவர்கள் பலர் திரும்பவில்லை. அதன்பின் வந்த செயற்கைக்கோள் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியது. பச்சை பூத்த ஒரே ஒரு இணைப்பு போதும், அந்தப் பெட்டி ஊமையாகிவிட.

வாரம் ஒருமுறை ஆன்டெனா முனையையும் பிளக்குகளையும் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து உலர்த்துவதுதான் மலிவான காப்பு. படகில் குடிநீரே அளவு பார்த்துத்தானே செலவாகிறது என்று கேட்கலாம். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் இடம் இது. தார்ப்பாயை விரித்துக் கட்டினால், முதல் சாரலில் அதன் உப்பு கழுவப்பட்ட பிறகு ஒரு வாளி பிடித்துக்கொள்ளலாம்.