மலைச் சாலையும் பழைய விரைவுக்கார்களும்

மோட்டார் வாகன வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் தொழிற்சாலைகளையும் பந்தயத் திடல்களையுமே கருத்திற் கொள்வர். ஆயின், ஒரு காரின் திறனையும் அதனைச் செலுத்துவோரின் திறனையும் ஒருங்கே அளந்தறிதற்கு மலைச் சாலையே தக்க உரைகல்லாகும். கண்டியிலிருந்து தலாத்துஓயா, மாரஸ்ஸன வழியாக ஹேவாஹெட்டவுக்கு ஏறும் சாலை இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. இத்தகைய சாலைகளோடு தொடர்புபடுத்தி, 'ஸ்பீட்ஸ்ரர்' எனப்படும் பழைய விரைவுக்கார்களின் வரலாற்றையும் கவர்ச்சியையும் நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விரைவுக்கார் என்பது கூரையும் பக்கக் கண்ணாடிகளும் இன்றி, இருவர் மட்டும் அமரத்தக்கதாய், இயன்றவரை பாரங் குறைத்து அமைக்கப்பட்ட காராகும். அமெரிக்காவில் 1910ஐ அடுத்து வந்த மேர்சர் ரேஸ்அபௌட், 1912இல் வெளிவந்த ஸ்ரட்ஸ் பெயார்கற் ஆகியன இவ்வகையின் முன்னோடிகள். இவை செல்வர்க்குரியன. எளியோரோ வேறு வழி கண்டனர். 1908 முதல் 1927 வரை ஏறத்தாழ 150 இலட்சம் எண்ணிக்கையில் ஆக்கப்பட்ட ஃபோர்ட் 'ரி' காரின் உடற்கூட்டைக் கழற்றிவிட்டு, இரு இருக்கைகளை மட்டும் பொருத்தித் தாமே விரைவுக்கார் செய்துகொண்டனர். அக்காரின் எஞ்சின் வலு 20 குதிரைவலுவே. வலுவைக் கூட்ட இயலாதவிடத்துப் பாரத்தைக் குறைத்தல் என்பதே இவ்வகைக் கார்களின் அடிப்படைத் தத்துவம் எனலாம். பிரித்தானியாவில் 1922இல் தோன்றிய ஒஸ்ரின் செவனும், 1929இல் விற்பனைக்கு வந்த எம்.ஜி. மிட்ஜெற்றும் இத்தத்துவத்தையே சிறிய அளவிற் பின்பற்றின.

இனி இலங்கையை நோக்குவோம். ஹேவாஹெட்டப் பகுதியிலுள்ள லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் ரெயிலர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். 1869 முதல் கோப்பியைப் பற்றிய இலைநோய் அப்பயிரை அழிக்கவே, தேயிலை மலைநாடெங்கும் பரவிற்று. விளைபொருளை இறக்கவும் அரிசியை ஏற்றவும் சாலைகள் வேண்டப்பட்டன. அவற்றை வெட்டியமைத்த உழைப்பிற் பெரும்பங்கு தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளருடையது. மாட்டுவண்டி ஏறத்தக்கதாக மலையைச் சுற்றிச் சுற்றி வளைத்து அமைக்கப்பட்ட சாலைகள் அவை. ரெயிலர் 1892இல் மறைந்தபோது இத்தீவுக்கு மோட்டார்க் கார் வந்திருக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டில் துரைமாரின் கார்கள் வந்தபோது, வண்டிக்காக வளைக்கப்பட்ட சாலையே ஓட்டுநரின் சோதனைக்களமாயிற்று. 1934இல் நுவரெலியாவில் மகாகஸ்தோட்டை மலையேற்றப் போட்டி தொடங்கியது. பிரித்தானியாவில் 1931க்கு முற்பட்ட கார்களைப் பேணும் நோக்குடன் பழங்கார்க் கழகம் நிறுவப்பட்டதும் அதே ஆண்டிலேயாகும்.

மலையேற்றத்தில் எஞ்சினின் மொத்த வலுவைவிட, ஒவ்வொரு இறாத்தல் பாரத்துக்கும் கிடைக்கும் வலுவே முதன்மை பெறுகின்றது. ஒவ்வோர் ஆயிரம் அடி உயரத்துக்கும், காற்று ஐதாவதால், எஞ்சின் தன் வலுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 3 பங்கை இழக்கும். ஆறாயிரம் அடிக்கு மேலுள்ள நுவரெலியாவில் இவ்விழப்பு ஆறிலொரு பங்கினும் மிகும். ஆகவே, அங்குப் பாரங்குறைந்த சிறுகார் பெருங்காரோடு போட்டியிடுதல் வியப்பன்று. மேலும், பழைய கார்கள் பலவற்றில் கியர்ச் சில்லுகளின் வேகத்தை இசைவிக்கும் அமைப்பு இல்லை. ஓட்டுநர் கிளச்சை இருமுறை மிதித்து, எஞ்சினின் ஒலியைச் செவியால் அளந்தே கியர் மாற்றவேண்டும். இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாது, தாழ்ந்த கியரில் எஞ்சினைக் கொண்டே வேகத்தை அடக்கவேண்டும். இவ்வாறு கையும் காலும் செவியும் ஒருங்கிணைந்து தொழிற்படுவதிலேயே இக்கார்களின் கவர்ச்சி தங்கியுள்ளது. வேகம் மட்டுமே காரணமெனின், இன்றைய சாதாரண கார் ஒன்றே அவற்றை வென்றுவிடும்.

இக்கார்கள் இலங்கையில் எஞ்சியமைக்குப் பொருளியற் காரணமும் உண்டு. 1960களில் அந்நியச் செலாவணித் தட்டுப்பாட்டால் கார் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை, இருந்த காரை ஓடச்செய்வதன்றி வேறு வழியில்லை. 2020இல் மீண்டும் வந்த தடை, 2025 வரை தனியார் கார்களைப் பாதித்தது. புதிய உதிரிப்பாகம் கிடையாதபோது, பாஸ்மார் அதனைக் கடைசற் பொறியிற் கடைந்தனர். தேய்ந்த தாங்கிகளுக்கு வெள்ளை உலோகத்தை உருக்கி வார்த்தனர். 1990களில் மொறிஸ் மைனருக்கான தகட்டுப் பாகங்கள் இலங்கையிற் செய்யப்பட்டுப் பிரித்தானியாவுக்கே அனுப்பப்பட்டமை இத்திறனுக்குச் சான்றாகும்.

எனினும், பேணுதல் என்பது பெரும்பாலும் காரோடு நின்றுவிடுகின்றது. உரிமையாளரின் பெயரும் பரிசுக் கிண்ணமும் பதிவாகின்றன. சாலையை வெட்டியவரும், துரையின் காரைச் செலுத்திய சாரதியும், அதனைத் திருத்திய பாஸும் பதிவாவது அரிது. இரும்பைப் பளபளப்பாக்கிக் காட்சிக்கு வைத்தல் எளிது. ஆனால் ஒலியைக் கேட்டே பழுதை உணரும் அறிவு, அதனையுடையாரோடு மறைந்துவிடும். முதிய சாரதிகளிடமும் கராச்சுத் தொழிலாளரிடமும் வாய்மொழியாக உள்ள செய்திகளையும் தொழிற்சொற்களையும் திரட்டுதல் மலையகத் தமிழரின் சமூக வரலாற்றுக்கு வேண்டிய பணியாகும். தமிழ் மாணவர்கள் அதனைக் காலந்தாழ்த்தாது மேற்கொள்வாராயின், மலைச் சாலையின் வரலாறு முழுமை பெறும்.