தலையிலணியும் காட்சிக்கருவியும் நிறப்பிறழ்ச்சியும்

குவிவு வில்லையொன்றினூடாக அச்செழுத்துக்களை நோக்குங்கால், நடுவிலே தெளிவாகத் தோன்றும் எழுத்து, ஓரத்தை அணுக அணுக நீலமுஞ் செம்மையுமான கரைகளைப் பெறுவதை ஆய்கூடத்திற் பயின்ற மாணவர் பலருங் கண்டிருப்பர். கண்டும் பொருட்படுத்தாது விடுத்திருப்பர். ஏனெனில், வினாத்தாள்களில் வரும் வில்லைகள் நிறமறியாதவை. அங்கே ஒரு வில்லைக்கு ஒரே குவியத்தூரம். இயற்கையிலோ ஒவ்வொரு நிறத்துக்கும் ஒவ்வொரு குவியத்தூரம். இக்குறையே நிறப்பிறழ்ச்சி எனப்படும்.

அண்மையில் எம்மிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர், தலையிலணியும் காட்சிக்கருவியொன்றைக் கொணர்ந்து, அதனை அணிந்து வெள்ளெழுத்துக்களை வாசிக்கும்போது ஓரங்களில் நிறக்கரை தோன்றுகின்றதெனவும், தம் கண்ணிற் பழுதுண்டோ என அஞ்சுவதாகவுங் கூறினார். அவ்வச்சத்தைப் போக்க முயன்றதன் பயனே இக்கட்டுரை.

இத்தகைய கருவிக்கு வழிகாட்டியவர் அமெரிக்கரான ஐவன் சதர்லாந்து. அவர் 1968 ஆம் ஆண்டில் வெளிப்படுத்திய கருவியில் இரு சிறு கதோட்டுக் கதிர்க் குழாய்கள் இரு கண்களுக்கும் உருவங்களை அளித்தன. தலையின் அசைவை அளக்கும் பொறிமுறைக் கையொன்று கூரையிலிருந்து தொங்கியது. இன்றைய கருவியிற் குழாய்களின் இடத்தைத் தட்டைத் திரைகள் பெற்றுள்ளன. ஆயினும் ஒளியியல் நெறி மாறவில்லை. கண்ணுக்கு மிக அருகிலுள்ள திரையைக் கண் தானாகக் குவித்து நோக்க இயலாது. ஆகவே திரை ஒரு குவிவு வில்லையின் குவியத்தளத்தினருகே வைக்கப்படுகின்றது. அதன் மாயவிம்பம் தொலைவிலே தோன்றுகின்றது. சுருங்கக் கூறின், இஃது எளிய நுணுக்குக்காட்டியேயாகும்.

வில்லைக்கும் திரைக்கும் இடையே ஏறக்குறையக் குவியத்தூரமளவு இடைவெளி வேண்டும். குவியத்தூரம் குறையின் கருவியும் குறுகும். முகத்தை முன்னோக்கி இழுக்கும் பாரமுங் குறையும். ஆனாற் குவியத்தூரங் குறையுந்தோறும் வில்லை கதிர்களை மிகுதியாக வளைத்தல் வேண்டும். வளைவு மிகுந்தால் நிறப்பிரிவும் மிகும். இதுவே இத்துறையின் சிக்கல்.

இதனை எண்களால் அளப்போம். ஒரு பொருளின் நிறப்பிரிக்கையை ஆபே எண் குறிக்கும். அவ்வெண் பெரிதாயின் பிரிவு சிறிது. அக்கிரிலிக் என்னும் பிளாத்திக்குக்கு அது ஏறத்தாழ 57; பொலிஸ்ரைரீனுக்கு 31. 40 மில்லிமீற்றர் குவியத்தூரமுள்ள ஓர் அக்கிரிலிக் வில்லையைக் கண்ணுக்கு 15 மில்லிமீற்றர் முன்னே வைத்து, அச்சுக்கு 30 பாகை விலகிய எழுத்தொன்றை நோக்குவதாகக் கொள்வோம். அக்கதிர் அச்சிலிருந்து ஏறத்தாழ 8.7 மில்லிமீற்றர் தொலைவில் வில்லையைக் கடக்கும். அங்கே ஏறத்தாழ 12.4 பாகை வளையும். இதனை 57 ஆல் வகுக்க, நீலத்துக்குஞ் சிவப்புக்கும் இடைப்பட்ட பிரிவு ஏறத்தாழ 13 பாகைக்கலை எனப் பெறப்படும். இஃது அண்ணளவான கணிப்பே. எனினும், நல்ல கண் ஒரு பாகைக்கலையளவு நுட்பத்தையும் பிரித்தறிய வல்லது என்பதை நினைவுகூரின், அக்கரை ஏன் புலப்படுகின்றதென்பது விளங்கும்.

இனி, பரிகாரங்களை நோக்குவாம். நியூற்றன் ஒளிமுறிவையும் நிறப்பிரிவையும் பிரிக்கவியலாதென முடிவுசெய்து, வில்லையைக் கைவிட்டு, 1668 இல் ஆடித் தொலைகாட்டியைச் செய்தார். தெறிப்பு விதி எல்லா நிறத்துக்கும் ஒன்றே. ஆதலால் ஆடி நிறப்பிறழ்ச்சி அறியாது. ஆனால் அவர் முடிவு தவறானது. 1747 இல் ஒயிலர், கண்ணானது நிறப்பிறழ்ச்சியற்றதெனக் கொண்டு, அவ்வாறாயின் இருவேறு பொருள்களைச் சேர்த்து நிறப்பிறழ்ச்சியற்ற வில்லை ஆக்கலாமென வாதித்தார். கண் உண்மையில் நிறப்பிறழ்ச்சியுடையது. பிழையான ஏதுவினின்று சரியான முடிவு பிறந்த விந்தையிது. நியூற்றன் பக்கம் நின்று ஒயிலரை மறுத்த இலண்டன் கைவினைஞர் ஜோன் டொலண்ட், பின்னர்த் தாமே சோதித்து, 1758 இல் இருவகைக் கண்ணாடியாலான நிறந்தரா வில்லையை அறிவித்தார். செஸ்ரர் மூர் ஹோல் என்பவர் ஏறக்குறைய 1730 அளவிலேயே அதனைச் செய்திருந்தார்; ஆயினும் அவர் அதனை விளம்பரப்படுத்தவில்லை.

டொலண்டின் முறையை நம் கருவியிற் கையாளலாகாதோ? கணித்துப் பார்ப்போம். அக்கிரிலிக் குவிவு வில்லையொன்றையும் பொலிஸ்ரைரீன் குழிவு வில்லையொன்றையும் சேர்த்து 40 மில்லிமீற்றர் குவியத்தூரம் பெறவேண்டுமாயின், முன்னதன் குவியத்தூரம் 18.5 மில்லிமீற்றராகவும், பின்னதனது 34 மில்லிமீற்றராகவும் அமைதல் வேண்டும். அத்தகைய குவிவு வில்லையின் இருபுறமும் ஒத்த வளைவாயின், வளைவினாரை ஏறத்தாழ 18 மில்லிமீற்றர். ஆனால் அகன்ற காட்சிக்கு வேண்டிய வில்லையின் விட்டம் 40 மில்லிமீற்றராயின், அதன் பாதி 20! 18 மில்லிமீற்றர் ஆரையுள்ள கோளத்திலிருந்து அவ்வளவு அகன்ற வில்லையை வெட்டியெடுத்தல் எங்ஙனம்? வளைவைப் பல வில்லைகளுக்குப் பங்கிடலாம். அப்போது தடிப்பும் பாரமும் மிகும். கணிதம் அனுமதிப்பதை முகம் அனுமதிப்பதில்லை.

1823 இல் கோர்துவான் வெளிச்சவீட்டில் ஏற்றப்பெற்ற பிறெனலின் படிவில்லை, தடிப்பைக் குறைத்துப் பாரத்தை நீக்கியது. 2016 இல் வெளிவந்த ஒக்குலஸ் றிவ்ற், எச்.ரி.சி. வைவ் ஆகியவை இந்நெறியையே தழுவின. ஆயினும், அது தடிப்பைக் குறைத்ததேயன்றி நிறப்பிரிவைக் குறைக்கவில்லை. படிகளின் விளிம்புகள் ஒளியைச் சிதறச்செய்தலும் உண்டு.

ஆகவே எஞ்சிய நிறக்கரையைக் கணினியின் பொறுப்பில் விட்டனர். வில்லை நீலத்தை எத்துணை விலக்குமோ அத்துணை எதிர்ப்பக்கமாக நீலவுருவத்தை முன்னரே மாற்றித் திரையில் வரைந்தால், கண்ணில் மூன்று நிறவுருவங்களும் ஒன்றன்மேலொன்று பொருந்தும். செலவற்ற அரிய உபாயம்! எனினும் இதற்கு எல்லையுண்டு. திரையின் பச்சை தனி அலைநீளமன்று, ஒரு பட்டை. அப்பட்டைக்குள் நிகழும் பிரிவைக் கணினி திருத்தமாட்டாது. ஒவ்வொரு நிறமும் வெவ்வேறு தூரத்திற் குவிவதையும் அது மாற்றாது. மேலும், கண் இருக்குமிடம் இதுவெனக் கொண்டே கணிப்பு நிகழ்கின்றது. கண் விலகின் கணிப்பும் விலகும்.

வேறொரு வழி கோணல் அமைப்பு. நுண்ணிய வரிகள் கொண்ட பரப்பு நீலத்தைவிடச் சிவப்பையே மிகுதியாக வளைக்கும். கண்ணாடியின் இயல்புக்கு இது நேர்மாறு. அதன் ஆபே எண் ஏறத்தாழ மறை 3.45. எனவே, மொத்த வலுவில் நூற்றுக்கு 6 பங்களவே அப்பரப்புக்கு அளித்தால் அக்கிரிலிக்கின் நிறப்பிரிவு ஈடுசெய்யப்படும்; குவிவு வில்லையின் சுமையுங் கூடாது, குறையும். ஆனால் ஒளியின் ஒரு பகுதி வேண்டாத வரிசைகளிற் சென்று மங்கலை உண்டாக்கும்.

ஈற்றில், நியூற்றனின் ஆடி மீண்டும் வந்தது. 2023 இல் வெளிவந்த குவெஸ்ற் 3 போன்றவற்றிலுள்ள மடிப்பு வில்லையில், ஒளி ஓர் அரைத்தெறிப்புப் பரப்பைக் கடந்து, முனைவாக்கத் தெறிப்பியிற் பட்டு மீண்டு, அரைத்தெறிப்புப் பரப்பிலே தெறித்து மறுபடி கண்ணை நோக்கி வரும். இடையிலுள்ள கால் அலைத் தட்டு முனைவாக்கத்தைத் திருப்புவதால், முதன்முறை அடைத்த கதவு மறுமுறை திறக்கும். ஒரே வெளியை ஒளி மும்முறை கடப்பதாற் கருவி குறுகுகின்றது. வலுவின் பெரும்பகுதி தெறிப்பாற் பெறப்படுவதால் நிறப்பிரிவுங் குறைகின்றது. விலையோ பெரிது: அரைத்தெறிப்புப் பரப்பில் ஒருமுறை பாதி, மறுமுறை பாதி இழக்க, ஒளியிற் காற்பங்குக்கு மேல் கண்ணை எட்டாது. வார்ப்பிலே பிளாத்திக்கில் தகைப்பு எஞ்சின் முனைவாக்கங் குலைந்து, பேயுருவங்களுந் தோன்றும்.

இவ்வாறு, பாரம், ஒளிர்வு, நிறத்தூய்மை, காட்சியின் அகலம் என்னும் நான்கையும் ஒருங்கே பெறும் வழி எதுவுமில்லை. ஒன்றைப் பெற மற்றொன்றை ஈதலே வடிவமைப்போனின் தொழில்.

மாணவருக்கு யாம் கூறிய விடை எளிது. நிறக்கரையுள்ள எழுத்தைக் கண்ணைத் திருப்பி நோக்காது, தலையைத் திருப்பி வில்லையின் நடுவுக்குக் கொணருமாறு சொன்னோம், கரை மறைந்தது. பழுது கண்ணிலாயின் அவ்வாறு மறையாது. பின்னர், அவர் கண்களின் இடைத்தூரத்துக்கேற்ப வில்லைகளின் இடைத்தூரத்தைத் திருத்தியதும் கரை முன்னையினும் பெரிதுங் குறைந்தது. நியூற்றனின் பெயர்கண்டு ஆராயாது ஒப்பியமையால் உலகம் பல்லாண்டு காத்திருந்தது. டொலண்ட் சோதித்துப் பார்த்தமையாற் பயன்பெற்றது. தம் கண்ணை ஐயுறுமுன் கருவியைச் சோதித்துப் பார்த்தல் நம் மாணவருக்கும் நன்று.