எம்25 கான்கிரீட்டுக்கு 31.6 இலக்கு ஏன்? பத்தாம் வகுப்புக் கணக்கு சைட்டில் செய்யும் வேலை

வீடு கட்டுபவர்கள் காதில் அடிக்கடி விழும் சொல் ‘எம்25’. ‘எம்’ என்றால் மிக்ஸ், கலவை. 25 என்பது பலம். 28 நாள் தண்ணீரில் ஊறிய 15 செ.மீ. கான்கிரீட் கியூப், ஒரு சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டும். கியூபின் ஒரு முகம் முழுக்கக் கணக்கிட்டால் சுமார் 57 டன்!

ஆனால், கலவையை வடிவமைக்கும் இன்ஜினீயர் வைக்கும் இலக்கு 31.6. சிமென்ட் பில்லை ஏற்றுவதற்கா? இல்லை.

ஒரே சிமென்ட், ஒரே மெஷின் என்றாலும் எல்லா கியூபும் ஒரே மாதிரி வராது. மணலின் ஈரம் மாறும், தண்ணீர் கூடும், குறையும். சராசரியே 25 என்றால், கிட்டத்தட்ட பாதி முடிவுகள் அதற்குக் கீழே போய்விடும். ஐ.எஸ். 456 விதிப்படி 5 சதவீதத்துக்கு மேல் அப்படிப் போகக் கூடாது.

அதற்குத்தான் இந்தச் சமன்பாடு:

இலக்கு = 25 + (1.65 × திட்ட விலக்கம்)

ஆமாம், பரீட்சை முடிந்ததும் மறந்துபோன அதே திட்ட விலக்கம்தான். முடிவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறுகின்றன என்பதன் அளவு. மணி வடிவ வளைவில், சராசரிக்குக் கீழே 1.65 திட்ட விலக்கம் தள்ளிக் கோடு போட்டால், அதற்கும் கீழே மிஞ்சுவது 5 சதவீதம். எம்25-க்கு விதி தரும் விலக்கம் 4. பெருக்கிக் கூட்டினால் 31.6.

உதாரணத்துக்கு இரண்டு சைட். ஒன்றில் டெஸ்ட் முடிவுகள் 30, 32, 33, 31. இன்னொன்றில் 22, 41, 24, 39. இரண்டுக்கும் சராசரி 31.5 தான். இரண்டாவது சைட்டில் 22 வந்த கலவை எந்தத் தூணுக்குள் போனதோ!

இன்னொரு விஷயம். அந்த 4 என்பது எடை போட்டுக் கலந்து, தண்ணீரை அளந்து ஊற்றும் சைட்டுக்கு. சட்டிக் கணக்கில் அள்ளிக் கொட்டினால் விலக்கம் 5, இலக்கு 33.25. அலட்சியத்துக்கான கூடுதல் சிமென்ட் செலவு, வீட்டு ஓனர் தலையில்.

‘இறுகிடுச்சு சார், ஒரு பக்கெட் தண்ணி விடலாமா?’ என்று கேட்டால் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்க. தண்ணீர் ஏறினால் பலம் இறங்கும். அந்த பக்கெட் எந்தச் சமன்பாட்டிலும் இல்லை.

டெஸ்ட் ரிப்போர்ட்டில் சராசரியோடு நிறுத்தாமல், ஒவ்வொரு முடிவையும் கேட்டு வாங்குங்க. 30 கன மீட்டர் கான்கிரீட் போட்டால் குறைந்தது 3 சாம்பிள், ஒவ்வொன்றிலும் 3 கியூப் இருக்க வேண்டும்.