மருந்துப் பைக்கும் தணிக்கை வேண்டும்

சங்கத்தின் கணக்குகளுக்கு ஆண்டுதோறும் தணிக்கை நடைபெறுகிறது. நூல் எத்தனை கட்டு வந்தது, சேலை எத்தனை சென்றது, உரம் எத்தனை மூட்டை இருப்பு என்பனவற்றைப் பேரேட்டுடன் ஒத்துப் பார்த்த பின்னரே நாம் அமைதி கொள்கிறோம். ஆனால் நம் அங்கத்தினர் இல்லங்கள் பலவற்றில், மாடத்திலோ அலமாரியின் மேல்தட்டிலோ, ஒரு துணிப்பை இருக்கிறது. மூன்று நான்கு மருத்துவர்கள் எழுதிக் கொடுத்த மாத்திரைகள் அதில் ஒன்றாகக் கிடக்கின்றன. அப்பையின் வரவையும் இருப்பையும் ஒத்துப் பார்ப்பார் எவரும் இலர். இதனால் விளையும் தீங்கு யாது, அதனை நீக்குவதில் மருந்தாளுநரும் கூட்டுறவு மருந்தகமும் ஆற்றக்கூடிய பணி யாது என்பதை இக்கட்டுரையில் ஆராய முற்படுகிறோம்.

பல நோய், பல வாசல்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்தில் மருத்துவ வசதிக்குக் குறைவில்லை. அரசு மருத்துவமனைகளும், தொழிற்பேட்டைத் தொழிலாளர்க்கான இ.எஸ்.ஐ. மருந்தகங்களும், தெருவுக்கொரு தனியார் மருத்துவரும் உளர். 2021 ஆகஸ்டு 5இல் தொடங்கப்பெற்ற ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்படி இரத்தக் கொதிப்புக்கும் நீரிழிவுக்கும் உரிய மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இவையாவும் நன்மையே. எனினும் ஒரே நோயாளி இவ்வாசல்கள் அனைத்திலும் ஏறி இறங்கும்போது, ஒரு வாசலில் கொடுத்தது மற்றொரு வாசலுக்குத் தெரிவதில்லை.

எடுத்துக்காட்டாக ஒரு குடும்பத்தை மனத்திற் கொள்வோம். முப்பதாண்டு தறிக்குழியில் கால் வைத்து உழைத்த பெரியவர், வயது 64. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் அவருக்கு உண்டு. மூட்டு வலியோ சொல்லி முடியாது. மகன் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் வேலை செய்வதால், தந்தைக்கும் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் நீரிழிவு மாத்திரை கிடைக்கிறது. அது கிளிமிபிரைடு. பின்னர் ஒரு நாள் மயக்கம் வந்தபோது பார்த்த தனியார் மருத்துவர், வேறொரு மாத்திரை எழுதினார். அதன் அட்டையில் அச்சிட்ட பெயர் வேறு. உள்ளே இருப்பதோ கிளிமிபிரைடும் மெட்பார்மினும் சேர்ந்த கலவை. பெரியவர் இரண்டையும் விழுங்குகிறார். ஒரே மருந்து இரு மடங்காகச் சேர்கிறது. மதிய உணவு சற்றுத் தாமதமானால் உடல் வியர்த்து, கை நடுங்கி, கண் இருண்டு கீழே விழுகிறார். நோய் முற்றிவிட்டதென்று வீட்டார் அஞ்சுகின்றனர். உண்மையில் முற்றியது நோயன்று; மருந்து மிகுந்ததால் இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மேல் தாழ்ந்துவிட்டது.

அவருடைய பையில் இன்னும் இரு சிக்கல்கள் உண்டு. கொதிப்புக்காக அவர் உண்ணும் அம்லோடிபின் என்னும் மருந்து சிலருக்குக் கணுக்காலில் வீக்கம் உண்டாக்கும் இயல்புடையது. அவ்வீக்கத்தைப் புதிய நோயெனக் கருதி, சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை ஒன்று சேர்க்கப்பட்டது. மருந்தின் விளைவுக்கு மற்றொரு மருந்து என்று சங்கிலி நீளுகிறது. மூட்டு வலிக்கோ, சீட்டே இல்லாமல் டைக்ளோபினாக் வாங்கி நாள்தோறும் உண்கிறார். டெல்மிசார்டன் போன்ற கொதிப்பு மருந்து, சிறுநீர் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒருங்கே சேர்ந்தால் சிறுநீரகம் பழுதுபடும் அபாயம் உண்டு என்பது மருத்துவ நூல்கள் வலியுறுத்தும் எச்சரிக்கை. வெயிலில் வேலை செய்து உடலில் நீர் வற்றும் உழவர்க்கும் நெசவாளர்க்கும் இவ்வபாயம் பின்னும் மிகுதி.

இங்கே எந்த மருத்துவரும் அறியாமையால் எழுதினார் அல்லர். தம் முன் வைக்கப்பட்டதைக் கொண்டு ஒவ்வொருவரும் முறையாகவே எழுதினர். மொத்தக் கணக்கு ஒருவர் கையிலும் இல்லாமற் போனதே குறை.

மருந்தாளுநர் செய்யத்தக்கது யாது?

அந்த மொத்தக் கணக்கை எழுதத்தக்கவர் மருந்தாளுநரே. நோய் இன்னதென்று காண்பது மருத்துவரின் கல்வி. மருந்தின் குணம், அளவு, ஒன்றோடொன்று சேரும்போது விளையும் மாறுதல் ஆகியவற்றைக் கற்பது மருந்தாளுநரின் கல்வி. 1948ஆம் ஆண்டின் மருந்தியல் சட்டப்படி, மருத்துவரின் சீட்டுக்கு மருந்து வழங்கும் உரிமை பதிவு பெற்ற மருந்தாளுநருக்கே உண்டு. 2015ஆம் ஆண்டின் மருந்தியல் தொழில் ஒழுங்குமுறை விதிகள் மேலும் ஒரு படி சென்று, நோயாளியின் பதிவேட்டைப் பார்வையிட்டு, மருந்து பற்றி அவருடன் நேரிற் பேசி விளக்குவதும் மருந்தாளுநரின் கடமை என்று வகுத்தன. ஆகவே நாம் கோருவது புதிய சலுகையன்று. சட்டத்தில் ஏற்கெனவே எழுதப்பட்ட கடமை நடைமுறைக்கு வரவேண்டும் என்பதே.

முறை எளியது. நோயாளி வீட்டிலுள்ள மருந்துகள் அனைத்தையும் ஒரு பையிலிட்டு எடுத்து வரவேண்டும். நாட்டு மருந்துக் கடைச் சூரணம், கஷாயம், கண்ணில் விடும் சொட்டு மருந்து, பக்கத்து வீட்டார் தந்த மாத்திரை ஆகியன எவையும் விடுபடலாகாது. மருந்தாளுநர் ஒவ்வொன்றையும் எடுத்து, இது எதற்காக, யார் கொடுத்தது, எப்பொழுது உண்கிறீர்கள், உண்ட பின் என்ன செய்கிறது என்று வினவுவார். அட்டையின் பெயரை விடுத்து உள்ளிருக்கும் மருந்தின் பெயரால் பட்டியல் எழுதுவார். ஒரே மருந்து இரு முறை வந்துள்ளதா, காலாவதி ஆனது உண்டா, ஒன்றுக்கொன்று பகையானது உண்டா, எழுதிக் கொடுத்தும் உண்ணாமல் விட்டது உண்டா என்பவை அப்போது வெளிப்படும்.

பின்னர் வேளைகள் வகுக்கப்படும். தைராய்டு குறைவுக்கான லெவோதைராக்சினை வெறும் வயிற்றில் உண்ண வேண்டும். சுண்ணச்சத்து, இரும்புச்சத்து மாத்திரைகளுக்கும் அதற்கும் நான்கு மணி நேரமாவது இடைவெளி வேண்டும். மூன்றையும் காலையில் ஒரே வாயில் விழுங்குவோர் பலர். மருந்து பாதி வீணாவதை அவர்கள் அறியார். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 பாகை வெப்பத்தில், உறையாமல் வைத்தல் வேண்டும். இத்தகைய செய்திகளைச் சொல்லப் பத்து நிமிடம் போதும். சொல்லாவிடின் மாதக்கணக்கில் பணமும் உடலும் வீணாகும்.

ஓர் எல்லையும் இங்கே உண்டு. மருந்தை நிறுத்தவோ மாற்றவோ மருந்தாளுநருக்கு உரிமையில்லை. ஐயத்தைக் குறிப்பாக எழுதி மருத்துவரிடம் அனுப்புவதே அவர் வேலை, முடிவு மருத்துவருடையது. அங்கத்தினரும் இக்கட்டுரையைப் படித்துவிட்டுத் தாமாக எம்மருந்தையும் நிறுத்தலாகாது. கொதிப்பு மருந்தையோ இன்சுலினையோ திடீரென விடுவது உயிருக்கே இடராகலாம்.

பிற நாடுகளின் படிப்பினை

1993ஆம் ஆண்டு ஜப்பானில் அக்கி நோய்க்கு சொரிவுடின் என்னும் புது மருந்து விற்பனைக்கு வந்தது. புற்றுநோய்க்காக வேறொரு மருந்தை உண்டு வந்தவர்களுக்கும் இது கொடுக்கப்பட்டது. இரண்டும் உடலிற் சேர்ந்ததன் விளைவாகச் சில வாரங்களுக்குள் 15 பேர் மாண்டனர். ஒரு மருந்தைக் கொடுத்தவர் மற்றதை அறியாத நிலை எவ்வளவு கொடியது என்பதை அந்நாடு உணர்ந்தது. இன்று ஜப்பானிய நோயாளிகள் ‘ஒகுசுரி தேச்சோ’ எனும் சிறு மருந்தேட்டைக் கையில் வைத்திருக்கின்றனர்; எந்த மருந்தகத்தில் வாங்கினாலும் அதிற் பதிவாகும். 2011ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையில் மருத்துவமனைப் பதிவேடுகள் பல அழிந்தபோது, அவ்வேட்டைக் காத்து வைத்திருந்தவர்களுக்கு உரிய மருந்தைத் தொடர்ந்து கொடுக்க முடிந்தது. 2015இலும் 2023 டிசம்பரிலும் வெள்ளம் வீட்டுக்குள் புகுந்ததைக் கண்ட நம் வட்டாரத்தார்க்கு இதன் அருமையை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அமெரிக்காவின் ஆஷ்வில் நகராட்சி 1996இல் தன் ஊழியர்களில் நீரிழிவு உடையோரைப் பயிற்சி பெற்ற மருந்தாளுநர்களிடம் ஒப்படைத்தது. அவர்கள் நோயாளிகளை முறையாகச் சந்தித்து, மருந்தையும் உணவையும் சர்க்கரை அளவையும் கவனித்து வந்தனர். நோய் கட்டுக்குள் வந்தது. விடுப்பு நாட்கள் குறைந்தன. மருத்துவத்திற்கான மொத்தச் செலவும் இறங்கியது. மருந்தாளுநரின் நேரத்துக்குக் கொடுத்த ஊதியம் வீண்போகவில்லை. உலக சுகாதார நிறுவனமும் 2017இல், மருந்தால் தீங்கு நேராமற் காத்தலை உலகளாவிய அறைகூவலாக அறிவித்தது.

கூட்டுறவின் கடமை

ஆவடிக்கு மேற்கே நெடுந்தொலைவில் இல்லாத திரூரில், 1904இல் விவசாயக் கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. அதே ஆண்டில் திருவல்லிக்கேணியில் நகரக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. சரியான எடை, சரியான கணக்கு என்னும் நம்பிக்கையே அம்முன்னோடிகளின் மூலதனம். இன்று கூட்டுறவு நிறுவனங்கள் மருந்தகங்களையும் நடத்துகின்றன. 2025 பிப்ரவரி 24இல் தமிழகமெங்கும் தொடங்கப்பெற்ற 1,000 முதல்வர் மருந்தகங்களை நடத்துவதிலும் தொழில்முனைவோருடன் கூட்டுறவுச் சங்கங்கள் பங்கு கொண்டுள்ளன. மருந்தின் பொதுப்பெயரில் வரும் மாத்திரைகள் அங்கே குறைந்த விலைக்குக் கிடைக்கின்றன. மாதந்தோறும் மருந்து வாங்கும் ஏழைக் குடும்பத்துக்கு இது பேருதவி.

ஆயினும் விலைக் குறைவுடன் விளக்கமும் சேர வேண்டும். பழைய மாத்திரை மஞ்சள் நிறம்; பொதுப்பெயரில் வந்தது வெள்ளை நிறம். இரண்டும் ஒன்றே என்று சொல்வார் இல்லையெனில், மேற்சொன்ன பெரியவர் இரண்டையும் உண்பார். தள்ளுபடியாக மிஞ்சிய பணம் மருத்துவமனைக் கட்டிலுக்குச் சென்றுவிடும்.

மாலை வேளையில் கூட்டம் நெருக்கும்போது ஒருவரே நின்று மருந்து கொடுக்கும் கடையில் இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆதலின் நடைமுறைக்கு ஏற்ற சில யோசனைகளைக் கூறுகிறோம். வாரத்தில் ஒரு நாள், கூட்டமில்லாத பிற்பகல் இரண்டு மணி நேரத்தை இதற்கென ஒதுக்கலாம். ஐந்து மருந்துக்கு மேல் உண்போரையும், அண்மையில் மருத்துவமனையிலிருந்து திரும்பியோரையும் முதலில் அழைக்கலாம். அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் கடன் கணக்குப் புத்தகம் போன்று ஒரு மருந்தேடு அச்சிட்டுத் தரலாம். துணைவிதி இடந்தருமாயின், அச்சுச் செலவைப் பொதுநலத்துக்கு ஒதுக்கிய தொகையிலிருந்து ஏற்கலாம். மருந்தாளுநரின் சான்றிதழ் சுவரில் தொங்க, அவர் கடையில் இல்லாதிருக்கும் வழக்கம் எங்கேனும் இருப்பின், அதை நிர்வாகக் குழு ஒரு நாளும் பொறுத்தலாகாது. விற்பனைத் தொகையை மட்டும் கொண்டு மருந்தகத்தின் பணியை மதிப்பிடாமல், எத்தனை பைகள் பார்வையிடப்பட்டன, எத்தனை குறிப்புகள் மருத்துவருக்குச் சென்றன என்பதையும் ஆண்டறிக்கையில் இரண்டு வரியாகச் சேர்த்தல் நலம்.

அங்கத்தினர் தம் பங்குக்குச் செய்ய வேண்டியதும் உண்டு. எந்த மருத்துவரிடம் சென்றாலும் பழைய சீட்டுகளையும் மருந்துகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். நாட்டு மருந்து உண்பதை மறைக்காதீர்கள். பெரியவர்களின் மருந்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளைகள் வாரம் ஒரு முறையேனும் எடுத்துப் பாருங்கள். வலி மாத்திரையைச் சீட்டின்றிக் கேட்டு வாங்காதீர்கள்.

அடுத்த பேரவைக் கூட்டத்தில் கடன் தவணை பற்றியும் நூல் விலை பற்றியும் பேசுவோம். அவற்றுடன் நம் மருந்தகத்தில் வாரம் ஒரு பிற்பகல் மருந்துப் பைகளைப் பார்வையிட வேண்டும் என்னும் தீர்மானத்தையும் யாரேனும் ஒருவர் முன்மொழிய, மற்றொருவர் வழிமொழியக் கேட்டுக் கொள்கிறோம். மூத்த அங்கத்தினர் பலரின் சிறுநீரகமும் உயிரும் அத்தீர்மானத்தால் காக்கப்படும்.