தலை திரும்பாத குழந்தைக்கு எந்த ஆஸ்பத்திரி?

தலைப்பிரசவம் என்றால் தாய் வீடு என்பது நம் குடும்பங்களில் எழுதாத சட்டம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணை அழைத்துக்கொண்டு போய்விடுவார்கள். எந்த ஆஸ்பத்திரி என்று யாரும் அதிகம் யோசிப்பதில்லை. அக்காவுக்குப் பிரசவம் பார்த்த டாக்டரம்மா இருக்கிறார், வீட்டிலிருந்து கூப்பிடு தூரம், கஞ்சியும் வெந்நீரும் கொண்டு போக வசதி. இவ்வளவுதான் கணக்கு. பெரும்பாலான பெண்களுக்கு இந்தக் கணக்கு சரியாகவும் வந்துவிடுகிறது.

ஆனால் ஒன்பதாம் மாத ஸ்கேனில், "குழந்தை தலை இன்னும் கீழே வரலையேம்மா" என்று டாக்டர் சொல்லிவிட்டால், இந்தக் கணக்கை அப்படியே மாற்றிப் போட வேண்டும். அப்போது வீட்டுக்கு எது பக்கம் என்று பார்க்கக் கூடாது. நடு ராத்திரியில் வலி எடுத்தால் அங்கே யார் இருப்பார்கள், என்ன இருக்கும் என்றுதான் பார்க்க வேண்டும். இதை வலி வந்த பிறகு யோசிக்க முடியாது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

பயப்பட வேண்டியது எப்போது?

ஏழாம் மாதத்தில் ஸ்கேன் எடுத்து, "குழந்தை உட்கார்ந்திருக்கு" என்று சொன்னால் கலங்க வேண்டாம். அந்தச் சமயத்தில் நான்கைந்து குழந்தைகளில் ஒன்று அப்படித்தான் இருக்கும். வயிற்றில் இடம் தாராளமாக இருப்பதால் இஷ்டத்துக்கு உருளும். நாள் ஆக ஆகத் தானாகவே தலை கீழே வந்துவிடும். பிரசவ நாள் நெருங்கும்போது நூற்றுக்கு மூன்று, நான்கு குழந்தைகள்தான் திரும்பாமல் இருக்கும். ஆகவே 36-வது வாரத்தில் குழந்தை எப்படி இருக்கிறது என்பதுதான் முக்கியம்.

திரும்பாத குழந்தைகளிலும் வகை உண்டு. இரண்டு காலையும் நீட்டி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு பிட்டம் மட்டும் கீழே இருப்பது ஒன்று. சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பது இன்னொன்று. ஒரு காலோ இரண்டு காலுமோ முதலில் இறங்கி நிற்பது மூன்றாவது. இவை தவிர, குழந்தை குறுக்கே படுத்திருப்பதும் உண்டு. நாள் நிறைந்த குழந்தை குறுக்கே கிடந்தால், அப்படியே இயற்கையாகப் பிறக்க வழியே இல்லை. ஆகவே உங்கள் டாக்டரிடம், "தலை திரும்பலை" என்பதோடு விட்டுவிடாமல், "எப்படி இருக்கு டாக்டர், பிட்டமா, காலா, குறுக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். எந்த ஆஸ்பத்திரி என்று முடிவு செய்ய அது தெரிய வேண்டும்.

இதற்குக் காரணம் அந்தப் பெண் மாடிப்படி ஏறியதோ, பளு தூக்கியதோ அல்ல. கர்ப்பப்பையின் அமைப்பு, அதில் கட்டி, நஞ்சு கீழே இறங்கி இருப்பது, பனிநீர் கூடுதலாகவோ குறைவாகவோ இருப்பது, இரட்டைக் குழந்தை என்று சில காரணங்கள் உண்டு. பல பேருக்குக் காரணமே தெரிவதில்லை. எனவே மருமகளைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஏன் இவ்வளவு கவனம்?

குழந்தையின் உடம்பில் பெரிய பாகம் தலைதான். தலை முதலில் வந்தால் அது வழியைப் பெரிதாக்கிவிடும். பின்னால் உடம்பு வழுக்கிக்கொண்டு வந்துவிடும். கால் வழியாக வரும்போது உடம்பு வந்த பிறகு தலை மாட்டிக்கொள்ளலாம். கைப்பழக்கம் உள்ள டாக்டர் பக்கத்தில் இல்லாவிட்டால் அந்தச் சில நிமிஷங்கள் ஆபத்து. இரண்டாவது ஆபத்து தொப்புள்கொடி. தலை கீழே இருந்தால் அதுவே வாசலை அடைத்துக்கொண்டிருக்கும். காலோ, குறுக்காகவோ இருந்தால் அடைப்பு இல்லை. பனிக்குடம் உடைந்ததும் தண்ணீரோடு கொடியும் வெளியே சரிந்து நசுங்கிவிடலாம். அந்தக் கொடி வழியாகத்தான் குழந்தைக்கு மூச்சு.

எங்கள் தெருவில் சில வருஷங்களுக்கு முன் ஒரு பெண்ணுக்கு இப்படி நடந்தது. அவளுக்கு அது இரண்டாவது பிரசவம். முதல் குழந்தை சுகமாகப் பிறந்ததால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கால் கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் எழுதியிருந்தும், பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு சின்ன ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். அங்கே பிரசவ அறை உண்டு, நல்ல நர்ஸ்களும் உண்டு. ஆனால் மயக்க மருந்து கொடுக்கிற டாக்டர் வெளியூரிலிருந்து வர வேண்டும். விடியற்காலையில் பனிக்குடம் உடைந்து கொடி வெளியே வந்துவிட்டது. அந்த டாக்டர் வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. தாய் பிழைத்தாள். குழந்தை இல்லை. அங்கே இருந்தவர்கள் யாரும் அசட்டையாக இருக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு அந்த இடம் பொருந்தவில்லை, அவ்வளவுதான்.

எல்லோருக்கும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தவில்லை. முன்னாலேயே தெரிந்த ஆபத்துக்கு முன்னாலேயே ஏற்பாடு செய்யலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரியில் கேட்க வேண்டிய கேள்விகள்

கூச்சப்படாமல் நேரில் போய்க் கேளுங்கள். பெண்ணின் கணவரும் கூட இருந்தால் நல்லது.

1. ராத்திரி இரண்டு மணிக்கு வலி எடுத்தால் ஆபரேஷன் செய்கிற டாக்டர் எங்கே இருப்பார்? ஆஸ்பத்திரியிலேயேவா, வீட்டிலா, வேறு ஊரிலா?

2. மயக்க மருந்து டாக்டர் வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும்? ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி, பொங்கல் என்றால்?

3. ரத்தம் தேவைப்பட்டால் எங்கிருந்து வரும்? பெண்ணுக்கு நெகடிவ் வகை ரத்தம் என்றால் இதை இரண்டு தடவை கேளுங்கள்.

4. குழந்தை டாக்டர் உண்டா? பிறந்த குழந்தை மூச்சு விடச் சிரமப்பட்டால் இங்கேயே பார்ப்பீர்களா, வேறு இடத்துக்கு அனுப்புவீர்களா?

5. குழந்தையை வயிற்றின் மேலிருந்தே திருப்பிவிடும் வழக்கம் இங்கே உண்டா?

முதல் நான்கு கேள்விக்கும் தெளிவான பதில் வராத இடம், கண்ணாடிக் கதவும் குளிர்சாதன அறையுமாக இருந்தாலும் இந்தப் பிரசவத்துக்கு ஆகாது. தெளிவான பதில் வருகிற இடம் கூட்டமாக, சத்தமாக இருந்தாலும் பரவாயில்லை.

அரசாங்க ஆஸ்பத்திரி

சுகப் பிரசவத்துக்கு ஆரம்ப சுகாதார நிலையம் நல்ல இடம். ஆனால் பெரும்பாலான ஆரம்ப சுகாதார நிலையங்களில் சிசேரியன் வசதி இருக்காது. தலை திரும்பவில்லை என்றால் அங்குள்ள டாக்டரே பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுப்பார். அதை "தட்டிக் கழிக்கிறாங்க" என்று நினைக்காதீர்கள்.

மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிகளிலும், மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும், சில தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் 'சீமாங்' மையம் என்று உண்டு. தாய்க்கும் சேய்க்கும் அவசர சிகிச்சை செய்ய, இரவு பகல் பாராமல் ஆபரேஷன், ரத்தம், குழந்தைப் பராமரிப்பு எல்லாம் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று ஏற்படுத்தியவை இவை. தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்களுக்கு ராசா மிராசுதார் ஆஸ்பத்திரி, சென்னையில் எழும்பூர், திருவல்லிக்கேணி ஆஸ்பத்திரிகள் எல்லாம் தலைமுறை தலைமுறையாகச் சிக்கலான பிரசவங்களைப் பார்த்து வருகிற இடங்கள். 2011 முதல் மத்திய அரசின் திட்டப்படி, அரசு ஆஸ்பத்திரியில் சிசேரியன் உள்பட பிரசவம், மருந்து, ரத்தம், சாப்பாடு எல்லாம் இலவசம். பணத்துக்குப் பயந்து தாமதிக்க வேண்டியதில்லை.

திருப்பிவிட முடியுமா?

முடியும். 36, 37-வது வாரத்தில், ஆஸ்பத்திரியில் வைத்து, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே டாக்டர் வயிற்றின் மேல் கையை வைத்து அழுத்திக் குழந்தையைத் திருப்புவார். கர்ப்பப்பை இளகுவதற்கு மருந்து கொடுப்பதும் உண்டு. முன்னும் பின்னும் குழந்தையின் இதயத் துடிப்பைப் பார்ப்பார்கள். ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பலிக்கிறது. முன்பே குழந்தை பெற்றவர்களுக்கு இன்னும் சுலபம். நஞ்சு கீழே இருந்தால், ரத்தப்போக்கு இருந்தால், இரட்டைக் குழந்தை என்றால் செய்ய மாட்டார்கள். எப்போதாவது உடனே ஆபரேஷன் செய்ய நேரலாம் என்பதால்தான், ஆபரேஷன் வசதி உள்ள இடத்தில் மட்டுமே இதைச் செய்கிறார்கள்.

வீட்டில் எண்ணெய் தடவி வயிற்றை நீவித் திருப்புகிறேன் என்று யார் சொன்னாலும், எவ்வளவு கைராசிக்காரர் என்றாலும், வயிற்றைக் கொடுக்காதீர்கள். நஞ்சு பிய்ந்து ரத்தம் கொட்டினால் வீட்டில் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

ஆபரேஷன்தானா?

"எங்க பாட்டி காலத்திலே காலாலே பிறந்த பிள்ளைங்க எத்தனை பேர்!" என்று பெரியவர்கள் கேட்பார்கள். உண்மைதான். காலால் பிறந்தவர்கள் நீவிவிட்டால் சுளுக்குப் போகும் என்றுகூட எங்கள் பக்கத்தில் ஒரு பேச்சு உண்டு. பிழைத்தவர்களை நாம் பார்க்கிறோம். பிழைக்காத குழந்தைகளைப் பற்றிப் பாட்டிமார்கள் வாய் திறப்பதில்லை.

கனடா நாட்டு டாக்டர்கள் முன்னின்று, 26 நாடுகளில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து ஓர் ஆராய்ச்சி செய்தார்கள். 2000-ம் ஆண்டில் அதன் முடிவு வெளிவந்தது. கால்வழிக் குழந்தைக்கு, முன்கூட்டியே திட்டமிட்டுச் செய்யும் சிசேரியன்தான் குழந்தைக்குப் பத்திரம் என்று அது சொன்னது. அதன் பிறகு உலகம் பூராவும் டாக்டர்கள் ஆபரேஷன் பக்கம் சாய்ந்துவிட்டார்கள். ஆனால் அதே குழந்தைகளில் ஒரு பகுதியினரை இரண்டு வயதில் பார்த்தபோது இரு பிரிவுக்கும் வித்தியாசம் தெரியவில்லை என்று 2004-ல் எழுதினார்கள். நல்ல பழக்கமுள்ள டாக்டர், தகுந்த குழந்தை, பக்கத்திலேயே ஆபரேஷன் அறை எல்லாம் அமைந்தால் சில பேருக்குச் சுகப் பிரசவம் பார்க்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். ஆனால் அந்தப் பழக்கமுள்ள டாக்டர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள். ஆகவே இதை உங்கள் டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். சிசேரியனிலும் தையல், வலி, அடுத்த பிரசவத்தில் கூடுதல் கவனம் என்று உண்டு; அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆபரேஷன் என்று முடிவானால் நாள், நட்சத்திரம் பார்க்காத வீடு குறைவு. டாக்டர் சொல்கிற நாட்களுக்குள் நல்ல நேரம் பார்ப்பதில் தவறில்லை. நட்சத்திரத்துக்காக முன்னாலே எடுக்கச் சொல்லாதீர்கள். அவசரம் இல்லாதபோது 39-வது வாரம் வரை பொறுத்தால் குழந்தையின் நுரையீரல் நன்றாகத் தேறியிருக்கும்.

தாய் வீடு எது?

என் நாத்தனார் பெண்ணுக்குத் தலைப்பிரசவம். தாய் வீடு பட்டுக்கோட்டைக்குப் பக்கத்துக் கிராமம். 36-வது வாரத்தில் தலை மேலேயே இருந்தது. அந்த வீட்டில் பெரிய வாக்குவாதம். ஊரை விட்டுப் பெண்ணை வேறு இடத்தில் வைத்துப் பிரசவம் பார்ப்பதா என்று அவள் அப்பாவுக்கு மனத்தாங்கல். கடைசியில் அவள் அத்தைதான் சொன்னார்: "அம்மா கூட இருக்கிற இடம்தான் பொண்ணுக்குத் தாய் வீடு. அந்த ஓட்டு வீடா பிரசவம் பார்க்கப் போகுது?" தஞ்சாவூரில் ஒரு உறவினர் வீட்டு மாடியில் தாயும் மகளுமாக மூன்று வாரம் தங்கினார்கள். 37-வது வாரத்தில் டாக்டர் திருப்பிப் பார்த்தார், அது மசியவில்லை. 39-வது வாரத்தில் ஆபரேஷன். பெண் குழந்தை, நல்ல எடை. பதினைந்தாம் நாள் ஊருக்குப் போய்த் தொட்டில் போட்டார்கள். பாட்டி மருந்தும் பத்தியச் சாப்பாடும் அங்கேதான்.

பனிக்குடம் வீட்டிலேயே உடைந்தால்

வலி இல்லாவிட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். தலை திரும்பாத குழந்தை என்று முதல் வார்த்தையிலேயே சொல்லுங்கள். கொடி வெளியே தெரிந்தால் அதைத் தொடவோ உள்ளே தள்ளவோ கூடாது. பெண்ணை முழங்காலிட்டுக் குப்புற, மார்பு தரையில் படும்படி, இடுப்பு உயர இருக்கச் செய்யுங்கள். அப்போது கொடியின் மேல் பாரம் குறையும். கர்ப்பிணி அட்டை, ஸ்கேன் சீட்டு, ரத்த வகைச் சீட்டு மூன்றும் ஒரே பையில் வாசல் பக்கம் இருக்கட்டும். குறுக்கே கிடக்கும் குழந்தை என்றால் வலிக்குக் காத்திராமல் முன்னாலேயே அட்மிட் ஆகச் சொல்வார்கள். சொன்ன நாளில் சேர்ந்துவிடுங்கள்.

குழந்தை பிறந்த பின்னும் ஒரு வேலை பாக்கி. வயிற்றில் உட்கார்ந்தே இருந்த குழந்தைகளுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் இருக்கச் சற்றுக் கூடுதல் வாய்ப்பு உண்டு, பெண் குழந்தைகளுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக. டிஸ்சார்ஜ் ஆகும்போது, "இடுப்பைப் பார்த்தீர்களா டாக்டர்?" என்று கேளுங்கள். ஆறாவது வாரத்தில் இடுப்புக்கு ஒரு ஸ்கேன் எடுத்தால் தெரிந்துவிடும். சீக்கிரம் கண்டுபிடித்தால் சிகிச்சை எளிது. நடக்கத் தொடங்கிய பிறகு நொண்டுகிறதே என்று கவலைப்பட வேண்டியிராது. தொடைகளைச் சேர்த்துக் கட்டி இறுக்கமாகத் துணி சுற்றாமல், காலை அகட்டி மடக்க இடம் விட்டுச் சுற்றுங்கள்.