வால்வின் சூடு எந்த வழியாக இறங்குகிறது?

“டிராக்கில் ஓட்டுவதற்காக எஞ்சினைப் பிரித்துக் கட்டுகிறேன். டைட்டானியம் வால்வு போட்டால் எத்தனை குதிரைத்திறன் கூடும்?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். வால்வை மட்டும் மாற்றினால் ஒன்றும் கூடாது. அதே விட்டம், அதே வடிவம் என்றால் உள்ளே போகிற காற்றும் அதே அளவுதான். டைட்டானியம் தருவது எடைக்குறைவு மட்டுமே. எஃகின் அடர்த்தி 7.8, இதன் அடர்த்தி 4.4 சொச்சம். எடை குறைந்தால் எஞ்சினை இன்னும் வேகமாகச் சுழற்றலாம். அந்த வேகத்துக்கேற்ற கேம் ஷாஃப்ட்டும் ஸ்பிரிங்கும் இல்லாவிட்டால், அந்தக் குறைவு எதற்கும் பயன்படாமல் போகும்.

ஒரு நிஜமான எஞ்சினை வைத்துப் பேசலாம். 2006இல் வந்த ஷெவர்லே கார்வெட் இசட்06 காரின் எல்எஸ்7: எட்டு சிலிண்டர், 7 லிட்டர், 505 குதிரைத்திறன், நிமிடத்துக்கு அதிகபட்சம் 7,000 சுற்று. வால்வு ஒவ்வொன்றும் சுமார் 15 மில்லிமீட்டர் திறந்து மூடுகிறது. இரண்டு சுற்றுக்கு ஒரு முறை என்பதால், அந்த வேகத்தில் விநாடிக்கு 58 முறை. அந்த அசைவைச் சீரான அலை என்று வைத்துக் கணக்குப் போட்டால், முடுக்கம் புவியீர்ப்பைப்போல் எழுநூறு மடங்கைத் தாண்டுகிறது. 100 கிராம் வால்வைக் கேமின் பிடியிலேயே வைத்திருக்க ஸ்பிரிங் 78 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தரவேண்டும். வால்வில் 20 கிராம் கூடினால் இன்னும் சுமார் 16 கிலோ. அதைத் தர முடியாத ஸ்பிரிங் இருந்தால், வால்வு கேமை விட்டு மிதக்கும். பிஸ்டன் வந்து அதன் தலையை முட்டும்.

அதனால்தான் இந்த எஞ்சினில் 56 மில்லிமீட்டர் விட்டமுள்ள இன்டேக் வால்வுக்கு டைட்டானியம். எக்ஸாஸ்ட்டுக்கோ உள்ளே சோடியம் அடைத்த எஃகு. இந்தப் பிரிவினையில்தான் முழு விஷயமும் இருக்கிறது. இன்டேக் வால்வைப் புதுக்காற்று ஒவ்வொரு முறையும் குளிர்விக்கிறது. எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எரிந்த வாயு அதன் கழுத்தை உரசிக்கொண்டே வெளியேறுகிறது. தலை 700, 800 டிகிரி செல்சியஸ் வரை போகிறது. வழக்கமான டைட்டானியக் கலவைகள் அந்தச் சூட்டில் வலுவிழந்துவிடும்.

அந்தச் சூடு எங்கே போகிறது? எக்ஸாஸ்ட் வால்வு வாங்குகிறவர் முதலில் கேட்கவேண்டிய கேள்வி இதுதான். திட எஃகு வால்வில் ஏறக்குறைய முக்கால் பங்கு சூடு, வால்வு மூடி உட்காரும் சீட்டின் வழியாகத்தான் இறங்குகிறது. அந்தச் சீட்டு ஒன்றரை மில்லிமீட்டர் அகல வளையம். 7,000 சுற்றில் ஒரு முழுச் சுழற்சிக்கு 17 மில்லி விநாடி. அதில் வால்வு சீட்டில் உட்கார்ந்திருப்பது சுமார் 11. வாங்கிய சூட்டை அந்த அவகாசத்துக்குள் அந்த மெல்லிய வளையத்தில் இறக்கியாக வேண்டும். காற்றோட்டத்துக்காகச் சீட்டை ஒரு மில்லிமீட்டராகக் குறுக்கும் பட்டறைகள் உண்டு. இன்டேக்கில் அது சரி. எக்ஸாஸ்ட்டில் சூடு இறங்கும் வழியையே அடைக்கிற காரியம் அது.

அகலம் சரியாக இருந்தும், வால்வுத் தண்டு ஓடும் கைடின் மையமும் சீட்டின் மையமும் ஒன்றாக இல்லாவிட்டால், வால்வு ஒரு பக்கம்தான் ஒட்டும். ஒட்டாத பக்கம் கருகும். ஒவ்வொரு மூடலிலும் தண்டு வளைந்து கைடைத் தேய்க்கும். எல்எஸ்7 உரிமையாளர்கள் பல ஆண்டுகளாகப் புகார் சொன்னது கைடு தேய்மானத்தைத்தான். சிலிண்டர் ஹெட்டுகளில் ஒரு பகுதி சரியாக மெஷினிங் ஆகாமல் வந்ததை ஜெனரல் மோட்டார்ஸே ஒப்புக்கொண்டது.

இனி சோடியம். வால்வுக்குப் பயன்படும் வெப்பந்தாங்கி எஃகு, சூட்டைக் கடத்துவதில் படுமந்தம். அலுமினியத்தின் பத்தில் ஒரு பங்குதான் தேறும். ஆகவே தண்டைக் குடைந்து, உள்ளே பாதிக்குச் சற்று மேலாகச் சோடியம் நிரப்பி மூடுகிறார்கள். 98 டிகிரியில் அது உருகிவிடும். 883 வரை கொதிக்காது. கல்யாணப் பந்தியில் பரிமாறுகிறவர்கள் போலத்தான் அதன் வேலை. வால்வின் தலை சமையற்கட்டு, தண்டின் மேற்பகுதி பந்தி. வால்வு ஒவ்வொரு முறை குலுங்கும்போதும் சோடியம் தலையில் சூட்டை வாளியில் அள்ளிக்கொண்டு மேலே ஓடுகிறது, கைடின் இலையில் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. நடைபாதை முழுக்க ஆட்களை நிறுத்தினால் யாரும் நகர முடியாது. பாதியளவு மட்டும் நிரப்புவது அதனால்தான். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பரிமாறுகிறவர்கள் தூங்குகிறார்கள், ஆனால் அப்போது உலையும் கொதிக்கவில்லை. சுற்று ஏற ஏறச் சமையல் பெருகுகிறது, ஓட்டமும் தானாகவே விரைகிறது! இதை யாரும் கட்டுப்படுத்தத் தேவையில்லை என்பதுதான் எனக்குத் தீராத வியப்பு. ஆனால் இலையில் கொட்டியதை யாராவது சாப்பிட்டாக வேண்டும். கைடு சூட்டை வாங்கிக் குளிர்நீருக்குத் தள்ளாவிட்டால் வாளிகள் நிறைந்தபடியே திரும்பி வரும். எண்ணெய்ப் படலம் கருகி, பந்திப்பாயே எரியும். சோடிய வால்வு போடுகிறவர்கள் வெண்கலக் கைடைத் தேடுவது இதனால்தான்.

வரலாறும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பிரிட்டனிலிருந்து அமெரிக்கா சென்ற சாம் ஹெரான் என்ற பொறியாளர் 1920களில் விமான எஞ்சின்களுக்காக இதைச் செம்மைப்படுத்தினார். முன்பு முயன்று பார்த்த பாதரசம், எஃகுச் சுவரில் ஒட்டிச் சூட்டை வாங்க மறுத்தது. இரண்டாம் உலகப் போரின் மெர்லின் விமான எஞ்சினிலும் எக்ஸாஸ்ட்டுக்குச் சோடிய வால்வுகள்தான் இருந்தன.

எல்எஸ்7ஐப் பிரிக்கிறவர்களில் பலர், குழல்தண்டு ஒடிந்துவிடும் என்று அஞ்சித் திட எஃகு எக்ஸாஸ்ட் வால்வுக்கு மாறுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானதே. ஆனால் எடை கூடும். மேலே போட்ட கணக்கின்படி ஸ்பிரிங்கையும் மாற்ற வேண்டும். பரிமாறுகிறவர்களும் இல்லாமல் போவதால் சீட்டின் அகலத்தில் துளியும் விட்டுக்கொடுக்கக் கூடாது. ‘ரேஸிங் ஸ்டெயின்லெஸ்’ என்று பெட்டியில் அச்சடித்திருந்தால் மயங்கவேண்டாம். எந்தக் கலவை என்று கேளுங்கள். பெரும்பாலும் 21-4என் என்ற பதில் வரும்: 21 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல். நல்ல எஃகு, ஆனால் சாதாரணக் கார்கள் பலவற்றில் கம்பெனியே போடுவதும் இதுதான். டர்போ வைத்து, வாயுவின் சூடு ஆயிரம் டிகிரியைத் தொடும் என்றால், இன்கோனெல் என்ற வெப்பந்தாங்கிக் கலவையை வாங்குவதற்குக் காரணம் உண்டு. இயல்பாகக் காற்றிழுக்கும் எஞ்சினுக்கு அது வீண் செலவு. அந்தப் பணத்தில் கைடையும் சீட்டையும் ஒரே மையத்தில் வெட்டித்தரும் நல்ல மெஷின் ஷாப்பைத் தேடலாம்.

டைட்டானியம் இன்டேக் வால்வை வைத்துக்கொள்வதானால், பழைய பழக்கத்தில் கிரைண்டிங் பேஸ்ட் தடவி லேப்பிங் செய்யாதீர்கள். அதன்மேல் உள்ள மெல்லிய பூச்சு போய்விடும், வெறும் டைட்டானியம் சீட்டில் உராய்ந்து சீக்கிரம் தேயும். கழற்றிய சோடிய வால்வை லேத்தில் கொடுத்து வெட்டவோ, வெல்டிங் வைக்கவோ, நசுக்கவோ கூடாது. உள்ளே இருக்கும் சோடியம் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜனைக் கக்கித் தீப்பிடிக்கும். பழைய இரும்புக் குவியலில் போடாமல், இன்ன வால்வு என்று எழுதி ஒட்டித் தனியாக ஒப்படையுங்கள்.