பால்மரத்திலிருந்து மின்கலம் வருமா?

மாணவர்களே, மின்னேற்றும்போது கைப்பேசி சுடுவதைக் கவனித்திருப்பீர்கள். மின்கலம் உப்பித் தீப்பிடித்த செய்திகளையும் படித்திருப்பீர்கள். அது ஏன் எரிகிறது?

மின்கலத்தின் இரு மின்முனைகளுக்கு இடையே லித்தியம் அயனிகள் போய்வர ஓர் ஊடகம் வேண்டும். அதுவே மின்பகுளி. இன்று பெரும்பாலும் பயன்படுவது, லித்தியம் உப்பைக் கரைத்த கரிமக் கரைப்பான். அயனிகள் அதில் எளிதாக நகரும். ஆனால் அது கசியும், தீப்பற்றும்.

இதற்கு மாற்றாக ஆராயப்படுபவற்றில் இரண்டைப் பார்ப்போம்.

ஒன்று, ஜெல். அகார்-அகாரில் பெரும்பகுதி நீர்தான். ஆனாலும் தட்டைச் சாய்த்தால் வழிவதில்லை. நுண்ணிய வலை ஒன்று நீரைப் பிடித்து வைத்திருக்கிறது. அதேபோல் பாலிமர் வலைக்குள் மின்பகுளியை அடக்கினால் கசிவு குறையும்.

மற்றொன்று, அயனித் திரவம். சமையல் உப்பு உருக 801 பாகை செல்சியஸ் வேண்டும். 1914-இல் பால் வால்டன் அறிவித்த எத்தில் அம்மோனியம் நைட்ரேட் என்ற உப்போ 12 பாகையிலேயே உருகிவிடும்! இத்தகைய உப்புகளின் அயனிகள் பெரும்பாலும் பெரியவை, ஒழுங்கற்ற வடிவம் கொண்டவை. அதனால் செங்கல்போல நெருக்கமாக அடுக்கிக்கொள்ள முடியாது. இவை எளிதில் ஆவியாவதில்லை. குறை என்ன? எண்ணெய்போல் கெட்டியாக இருப்பதால் அயனிகள் மெதுவாகவே நகரும். விலையும் அதிகம்.

மலாயாப் பல்கலைக்கழக அயனியியல் மையத்தில் பேராசிரியர் ரமேஷ் டி. சுப்பிரமணியம் குழுவினர் பாலிமரையும் அயனித் திரவத்தையும் சேர்த்து மின்தேக்கிகளுக்காக ஆராய்ந்துள்ளனர்.

நம் பேராக்கிற்கு வருவோம். 1877-இல் கோலகங்சாரில் ரப்பர் கன்றுகள் நடப்பட்டன. ஈப்போவைச் சுற்றிய தோட்டங்களில் உங்கள் பாட்டிமார் விடியலில் பால்மரம் சீவியிருப்பார்கள். பல தோட்டங்கள் இன்று செம்பனைக் காடாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. அந்த ரப்பரோ ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்துவிட்டது!

ரப்பர் சங்கிலி நன்கு துவளும். ஆனால் அதில் கார்பனும் ஹைட்ரஜனும் மட்டுமே இருப்பதால் லித்தியம் அயனியைப் பிடிக்காது. அதனால் மலேசிய ஆய்வாளர்கள் ஆக்சிஜன் சேர்க்கப்பட்ட ரப்பரைப் பயன்படுத்துகிறார்கள். நேர்மின் அயனியை ஆக்சிஜன் ஈர்க்கும். சங்கிலி அசையும்போது, வாளியைக் கைமாற்றுவதுபோல் அடுத்த ஆக்சிஜனிடம் கொடுக்கும். எனினும் திரவத்தின் வேகத்தை இது இன்னும் எட்டவில்லை. அந்த இடைவெளியைக் குறைப்பதே இன்றைய சவால்.

செய்து பாருங்கள்: பள்ளி அறிவியல் கூடத்தில், ஆசிரியர் துணையோடு, உப்பு சேர்த்த அகார்-அகாரை உறையவிடுங்கள். 9 வோல்ட் மின்கலம், எல்இடி விளக்கு ஆகியவற்றோடு இரு கம்பிகளால் இணையுங்கள். விளக்கு எரிகிறதா? உப்பில்லாத அகாரில்? வழியாத ஜெல்லுக்குள் நகர்வது எது? விடையை நோட்டில் எழுதி வையுங்கள்.